கோலுக்கு நிக்கிறவன்

பந்து மைதானத்தின்ர அந்தக் கரையில நிக்குது. இஞ்சால வர மனமில்லைப் போல. நல்லது, அங்கயே கிடந்து உருளட்டும், எனக்கு யோசிக்க வேண்டிக் கிடக்கு. யோசிக்க என்ன கோதாரி கிடக்கு, போறதோ போகாம நிக்கிறதோ, அவ்வளவுதான். எங்கட மனேச்சர் மக்பிரைட் இடைவேளையில வந்து தோளில கை போட்டவன். அவன் ஒருத்தன்ர தோளில கை போட்டா அது நல்லதுக்கில்லை எண்டு இந்தக் கிரேவ்ஷா டவுன் கிளப்பில சுவருக்கும் தெரியும். "சீலிங்" எண்டான். அமலசீலன் எண்ட என்ர பேரை இந்த இங்கிலீசுக்காரர் கடிச்சுத் துப்பினதில மிஞ்சினது அதுதான், முதல் சீலன், பேந்து சீலிங், வீட்டு முகட்டுக்குச் சொல்லுற சொல்லு, ஆளும் நெட்டையெண்டபடியா பொருந்துது எண்டு அவங்களுக்கு ஒரு பகிடி. "சீலிங், முடிய இருவது நிமிசம் இருக்கேக்க உன்னை வெளியில எடுக்கிறன். முழுச் சனமும் எழும்பி நிண்டு கைதட்டும். நீ இண்டைக்கு இன்னும் ஒரு கோலும் வாங்கேல்லை. இப்பிடியே சுத்தமாப் போ. ஒரு கீப்பருக்கு இதைவிட வேற என்ன வேணும்?" நான் கையுறையை இறுக்கினன். அதையே நன்றி சொன்னதா எடுக்கிற சாதி அவன். சீசனில இது கடைசி மட்ச், எனக்கும் இதுதான் கடைசி, இடுப்பு மூட்டுத் தேஞ்சு போச்செண்டு டொக்டர் சொல்லியாச்சு. அடுத்த சீசனுக்கு என்னோட ஒப்பந்தம் இல்லை. பதிலுக்கு கீப்பர்மாரைப் பழக்கிற வேலை தாறனெண்டு மக்பிரைட் வாயால சொல்லியிருக்கிறான். வாயாலதான். அதால நான் நல்ல பிள்ளையா, ஆளை மாத்துற பலகையில என்ர நம்பர் வந்த உடன, கையைத் தலைக்கு மேல தூக்கித் தட்டிக்கொண்டு, கண்ணையும் ஒருக்காத் துடைச்சுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போற பொம்பிளை மாதிரி நடந்து போக வேணும். கண்டறியாத கைதட்டல். ஆர் கேட்டது? எனக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு. கடைசி விசில் அடிக்கேக்க நான் இந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவில நிக்க வேணும். அதைத் தர இவனுக்கு என்ன செலவு?

வருது, வலப்பக்கத்தால வருது, ரொப், ரொப், வெளியில தள்ளு, சரி, தள்ளிப்போட்டான். ரொப் எண்டா எங்கட பின்வரிசையில நடுவில நிக்கிறவன், அலுமாரி மாதிரி முதுகு, அந்த முதுகைத்தான் நான் நாலு சீசனாப் பாக்கிறன், அவன்ர முகத்தைவிட முதுகுதான் எனக்கு நல்லாத் தெரியும். மழை தூறுது. கையுறைக்குள்ள ஈரம் வந்திட்டுது, அந்த நாத்தம், ரப்பரும் வேர்வையும் பழைய துவாயும் கலந்த நாத்தம், என்ர பெண்சாதி டிலானி இதைக் காரின்ர பின்பெட்டிக்கு அங்கால வீட்டுக்குள்ள விடமாட்டாள். இடுப்பு பிடிக்குது. அசைஞ்சுகொண்டிருக்க வேணும், அசையாட்டி இறுகிப்போம். திருப்பியும் வருது, அடிக்கப்போறான், அடிச்சிட்டான், மாதாவே, பிடிச்சன், நெஞ்சோட. "சீ-லிங்!" எண்டு பின்னால நாலஞ்சு கிழடுகள் கத்துதுகள். பாத்தியே மக்பிரைட், இதைப் பிடிச்சவனையே வெளியில எடுக்கப் போறாய்? மற்றவன் எல்லாம் விளையாடுறான். கீப்பர் விளையாடுறானெண்டு எங்கட ஆக்கள் ஒருநாளும் சொல்லாயினம், கோலுக்கு நிக்கிறான் எண்டுதான் சொல்லுவினம். சரியான சொல்லு. நான் இருவது வருசமா நிக்கிறன். அம்மாவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுத்தா முதல் கேள்வி அதுதான், "தம்பி, இப்ப எங்க நிக்கிறாய்?" சுகமோ எண்டு கேக்கமாட்டா, சாப்பிட்டியோ எண்டது அதுக்குப் பிறகுதான். கேக்க வேண்டிக் கிடக்கு, மனிசிக்கு வேற வழியில்லை, இஞ்ச வாறதுக்கு முந்தி ஒரு மாசம் கடற்கரைப் பக்கம் ஒரு கிளப், மற்ற மாசம் மலைப்பக்கம் ஒரு கிளப். எத்தினை கிளப் எண்டு எண்ணிச் சொல்ல கைவிரல் காணாது, இருக்கிற விரலிலயும் மூண்டு நேரா இல்லை. இஞ்ச வந்த புதுசில ஒருக்கா, "இப்ப கிரேவ்ஷாவில நிக்கிறன் அம்மா." "அது எங்கயடா கிடக்கு?" "மழை பெய்யிற இடத்தில." "இந்த நாட்டில மழை பெய்யாத இடம் எங்க கிடக்கு, விசரா." வாற ஞாயிற்றுக்கிழமை கேட்டா என்னெண்டு சொல்லுறது? வீட்டில நிக்கிறன் எண்டு. அதைச் சொல்லிப் பாத்தன், இப்ப, வாய்க்குள்ள. பந்தைக் காலால அடிச்சு நடுவுக்கு அனுப்பினன்.

நான் கேட்டு நிண்டதில்லை. எட்டு வயசில லண்டனுக்கு வந்து இறங்கின இடத்துக்குப் பேரே மிச்சம், பேரைப் பார், எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு எங்களுக்குக் கிடைச்ச இடம். கோடை வந்தா எங்கட ஆக்கள் பெரிய பார்க் ஒண்டை வாடகைக்கு எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களின்ர பேரில விளையாட்டு விழா வைப்பினம், ஒலிபெருக்கி, கொத்துரொட்டி, ஆரோ ஒருத்தற்ற கார் வழியை மறிச்சுக்கொண்டு நிக்குதெண்டு ரெண்டு மணித்தியாலமா அறிவிப்பு. பன்ரெண்டு வயசுப் பெடியள் எல்லாரும் முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கப் போறவங்கள். "கோலுக்கு ஆர் நிக்கிறது?" எண்டு பொறுப்பானவர் கேட்டார். எல்லாரும் சப்பாத்து நாடாவைக் கட்டத் துவங்கினாங்கள். "உந்த நெட்டையனை நிப்பாட்டு" எண்டார். அதோட சரி. மற்றவங்கள் கணக்காளரும் டொக்டரும் பெற்றோல் செட் முதலாளியும் ஆகிப்போனாங்கள், நான் இன்னும் அவர் நிப்பாட்டின இடத்திலயே நிக்கிறன். கலியாண வீடுகளுக்குப் போனா பெரிய கரைச்சல். "தம்பி என்ன செய்யிறீர்?" "புட்போல் விளையாடுறன் அங்கிள்." "அது சரி, வேலை என்ன செய்யிறீர்?" இதுதான் வேலை எண்டா, மனிசன் என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "ரீவியில காணேல்லையே" எண்டுவார். நான் நிக்கிற இடத்துக்கு கமரா வராது அங்கிள், வந்தாலும் அது மற்றக் கோலைப் பாத்துக்கொண்டு நிக்கும், நான் வாங்கினாத்தான் என்ர பக்கம் திரும்பும். பிடிச்ச பந்தை ஆரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுறதில்லை. வாங்கினதை மூண்டு கோணத்தில காட்டுவாங்கள். முந்தி இதுக்கெல்லாம் எனக்கு வயித்தெரிச்சல். இப்ப இல்லை. இப்ப கொஞ்சம்தான்.

எரிச்சல் வேற இடத்தில. இத்தினை வருசத்தில ஒரு இடத்திலயும் நானா வந்து நானா முடிச்சதில்லை. ஒருத்தன்ர விரல் உடைஞ்சா என்னைக் கூப்பிடுவாங்கள், விரல் பொருந்தினா அனுப்புவாங்கள். அவசரத்துக்கு ஒரு கிழமைக்குக் கீப்பரை இரவல் எடுக்க இந்த நாட்டில சட்டம் கிடக்கு, அந்தச் சட்டத்தில பிழைச்சவன் நான். ஒருக்கா லண்டன் ரூட்டிங்கில மீன்கடை வரிசையில நிக்கேக்க போன் வந்தது, விளைமீனையும் டிலானியையும் கடையில விட்டிட்டு காரை வடக்கால விட்டன், பின்வரிசைக்காரரின்ர பேர்களைப் பாதை முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு. அங்க எனக்குச் சேட்டு இல்லை. உடைஞ்சு கிடந்த கீப்பரின்ர சேட்டைத் தந்தாங்கள், முதுகில டன்கன் எண்டு அவன்ர பேர், அதை மறைக்க மேல ஒட்டின கறுப்பு ரேப். மழையில ரேப் கழண்டு போட்டுது. ரெண்டாம் பாதி முழுக்கச் சனம் டன்கன், டன்கன் எண்டு என்னைத் தூசணத்தால ஏசுது, பாவம் டன்கன், அவன் ஆசுப்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். சிரிக்கிறதுக்கு நல்ல கதை. ஆனா அண்டைக்கு நான் ஒரு பெனால்டியும் பிடிச்சனான், அதுவும் டன்கனுக்குத்தான் போச்சு. பேந்து அவங்கள் அனுப்பின மெசேஜ் ரெண்டு சொல்லு. நன்றி, சீலிங். எத்தினை கிளப்பிலயிருந்து அந்த ரெண்டு சொல்லு. இப்ப அதையே கைதட்டலாத் தரப்போறாங்கள், வித்தியாசம் சத்தம் மட்டும்தான். கோதாரி, இப்பதான் விளங்குது, டிலானி இண்டைக்கு ஏன் அந்தப் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்தவள், அம்மாவை ஏன் லண்டனிலயிருந்து ரெயில் கோச்சியில ஏத்திக் கொண்டுவந்தவள். மக்பிரைட் அவளுக்கு முதலே சொல்லிப்போட்டான். காலமை வாசல்ல நிண்டு சொன்னாள், "அவங்கள் என்ன தந்தாலும் முகத்தை நீட்டாம வாங்கிக்கொண்டு வாங்கோப்பா, உங்கட வீம்பை ஒரு நாளைக்கு வீட்டில வைச்சிட்டுப் போங்கோ." நான் ஏதோ வெள்ளித் தட்டு தரப்போறாங்களாக்கும் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் கடைசியாச் சொல்லியிருக்கு, செத்தவனுக்கு மட்டும் செத்த வீட்டுக்குச் சொல்லாத மாதிரி. டிலானி, நீ கோவிக்காதை. நீ வடிவாத்தான் இருக்கிறாய் உந்தப் பச்சையில. ஆனா நான் வீம்பை வீட்டில வைச்சிட்டு வந்திருந்தா இந்த இடுப்போட இவ்வளவு நேரம் நிண்டிருக்க ஏலாது.

பந்து வெளியில போட்டுது. விசில். அங்க, கோட்டுக்குப் பக்கத்தில பலகை ஏறுது. சிவப்பில பதின்மூண்டு, என்ர நம்பர். பச்சையில இளசு கலமின்ர நம்பர். கலம், அடுத்த சீசன் கீப்பர், மினுங்குற புதுக் கையுறையோட கோட்டில துள்ளித் துள்ளி நிக்கிறான், அவனில எனக்குக் கோவமில்லை, நல்ல பெடியன், உயரப் பந்துக்கு மட்டும் பயம். சனம் எழும்புது. கதிரையள் மடங்குற சத்தம், பிறகு கைதட்டல், முதல் அந்தக் கிழடுகள், பேந்து மற்றப் பக்கம், பேந்து எதிர்க்கிளப்பின்ர ஆக்களும், அட, நல்லாத்தான் தட்டுறாங்கள். இல்லையெண்டு சொல்லமாட்டன், இனிக்குது. காலும் ஒரு அடி வைச்சிட்டுது, சத்தியமா வைச்சிட்டுது, ஒரு அடி. அப்ப ரொப் ஓடி வந்து ரெண்டு கையாலயும் என்ர முகத்தைப் பிடிச்சான், கண் கலங்கியிருக்குது அலுமாரிக்கு. "விடு, சீலிங்" எண்டான். "விடு." தமிழில. இவனுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல்லு, நான் குடுத்தது. கடற்கரைக் கிளப்பில நடந்த அந்தக் கூத்துக்குப் பிறகு நான் போன இடமெல்லாம் முதல் நாளே குடுக்கிற சொல்லு. அங்க உயரத்தில ஒரு பந்து வந்தது, லேசான பந்து, நான் வெளியில வாறன், முன்னால எங்கட பின்வரிசைக்காரன் பாயிறான், நான் கத்தினன், "விடு!" அவனுக்கு அது 'வித் யூ' எண்டு கேட்டிருக்கு. உன்னோடதான், நீயே அடி எண்டு விளங்கிப்போட்டான். அடிச்சான், தலையால, எங்கட கோலுக்குள்ள. கப்பும் போச்சு, எனக்கு அங்க இடமும் போச்சு. "நீ என்ன கத்தினனி?" எண்டு அந்த மனேச்சர் கேட்டார். விட்டிடு எண்டனான். "எந்தப் பாசையில?" எண்டார். எல்லாரும் சிரிச்சாங்கள், ஒரு கிழமை முழுக்க அந்த வீடியோ ஊர் சுத்தினது. ஏன், நான் பிழையாவோ கத்தினனான்? சரியாத்தான் கத்தினனான். நான் இங்கிலீசில கனவு காணுவன், இங்கிலீசில வரி கட்டுவன், ஆனா பந்து மேல நிக்க ரெண்டு பேர் பாயிற அந்தரத்தில வாய்க்கு வாறது அதுதான், அது அம்மா அடுப்படியில கத்தின சொல்லு, சூடு, விடு. மாத்திப் பாத்தன், மாறேல்லை. அப்ப அவங்களை மாத்தினன். முதல் நாள் பயிற்சியில பின்வரிசையைக் கூப்பிட்டு வைச்சு, சொல்லுங்கோடா, விடு, திருப்பிச் சொல்லு, விடு. ரொப் இப்ப தன்ர நாய்க்கும் அதைத்தான் சொல்லுறானாம், நாய் கேக்குதாம். அந்தச் சொல்லை இண்டைக்கு என்னிலயே போடுறான். தெரியாமச் சொன்னானோ தெரிஞ்சு சொன்னானோ, எங்கட வீட்டில ஒருத்தன் எதையோ பிடிச்சுக்கொண்டு நிண்டா இப்பிடியேதான், இதே குரலிலதான் சொல்லுவினம், விடு தம்பி, விடு. அறுவானே, எவ்வளவு திறமான தமிழ் கதைக்கிறாயெண்டு உனக்கே தெரியாது.

"விடமாட்டன்" எண்டன். தமிழிலதான் வந்தது. "அது புதுசு" எண்டு முழிச்சான் ரொப், "அதுக்கு என்ன கருத்து?" வைச்ச காலைத் திருப்பி எடுத்தன். எடுத்துக் கோட்டில வைச்சன். நடுவர் ஓடி வாறார், மழை மூக்கில சொட்டுது மனிசனுக்கு, "போறியோ இல்லையோ?" "இல்லை." "மனேச்சர் கூப்பிடுறார்." "கூப்பிடட்டும்." அவர் என்னை ஒருமாதிரிப் பாத்தார், பேந்து தோளைக் குலுக்கினார். "நீ போகாட்டி உன்னைத் தள்ளிக்கொண்டு போக எனக்குச் சட்டமில்லை. ஆட்டம் நடக்கும்." உப்பிடியும் ஒரு சட்டம் கிடக்கே, இவ்வளவு காலம் ஒருத்தரும் சொல்லேல்லையே! பலகை கொஞ்ச நேரம் மேல நிண்டிட்டு இறங்குது. மக்பிரைட் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறான், பேந்து தண்ணிப் போத்தலை எத்தினான். போச்சு. பழக்கிற வேலை போச்சு, அது அந்தப் போத்தலோட உருண்டு போகுது, எனக்கு வடிவாத் தெரியுது. கைதட்டல் ஒவ்வொரு கையா நிக்குது. ஆரோ ஊவெண்டுறான். டிலானி நெத்தியில கையை வைச்சுக்கொண்டிருக்கிறாள். அம்மா மட்டும், போர்வைக்குள்ளயிருந்து, எதுக்கெண்டு தெரியாம இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறா. சரி அம்மா, நீங்கள் தட்டுங்கோ. பயமாத்தான் கிடக்கு. ஒரு கோலும் வாங்காமப் போயிருக்கலாம். இப்ப வருது, பார், கோர்ணர், இஞ்சால பக்கம், தூக்கிப் போடுறான், எல்லாரும் என்ர மேல ஏறுறாங்கள், முழங்கை, ஆற்றையோ மூச்சு, வெளியில வந்தன், பாய்ஞ்சன், இடுப்பு பாயேல்லை, நான் மட்டும் பாய்ஞ்சன், விரல்நுனியில பட்டது, நேரா இல்லாத அந்த விரலில, பட்டு மேல எழும்பி, கம்பத்துக்கு உள்ளால, போச்சு.

சேத்துக்குள்ள கிடக்கிறன். ஒண்டுக்கு ஒண்டு. வெண்டுகொண்டிருந்த மட்ச். பின்னால வலை ஆடுது. ரொப் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். "சுத்தமாப் போயிருக்கலாமேடா!" எண்டு மக்பிரைட் கோட்டிலயிருந்து கத்துறான். ஓம், போயிருக்கலாம், போயிருந்தா இதைக் கலம் வாங்கியிருப்பான், இல்லாட்டிப் பிடிச்சிருப்பான். கோல் அடிச்ச பெடியன் வலைக்குள்ள பாய்ஞ்சு பந்தை எடுக்கப் பாக்கிறான், கெதியா நடுவில வைச்சு இன்னொண்டு அடிக்க வேணுமாம், அவங்களுக்கு அவசரம். நான் உருண்டு போய்ப் பந்தைக் கட்டிப் பிடிச்சன். இழுக்கிறான். "தாவன், நேரம் போகுது" எண்டுறான். "கையை எடு தம்பி, இது என்ர." ரெண்டு பேருக்கும் புடுங்குப்பாடு, சனம் கூவுது, நடுவர் ஊதுறார், அவன் விட்டிட்டான். எழும்பினன். பந்தைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு பொக்ஸைத் தாண்டினன், ரொப்பைத் தாண்டினன், எந்தக் கீப்பரும் இவ்வளவு தூரம் வாறதில்லை, நடுவட்டத்துக்குப் போய் நானே, என்ர கையாலயே, அந்த வெள்ளைப் புள்ளியில வைச்சன். இனித் திரும்பிப் போக வேணும், கோல் அங்க தூரத்தில வெறுமையாக் கிடக்கு, பந்தை உதைச்சுத் துவங்க வேண்டியது எங்கட ஆக்கள், நான் போய்ச் சேருமட்டும் இருவத்தொரு பேரும் நடுவரும் கூவுற அவ்வளவு சனமும் பாத்துக்கொண்டுதான் நிக்க வேணும். ஓடேல்லை. நடந்துதான் போறன், மெதுவா.